மூன்றாம் குழியும் மச்சானின் அளவுப் பெட்டியும்

எத்தாளையைத் தாண்டி, கடலுக்கும் களப்பு என்ற உப்பங்கழிக்கும் நடுவில் இருந்த அந்தக் காணியை வெளியூர்க்காரர் யாரும் கொல்ஃப் மைதானம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மொத்தம் ஆறு குழிகள். புல்லைவிட மணல் அதிகம். குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்க்கத் தண்ணீர் இல்லாததால், மணலில் பழைய எஞ்சின் ஒயிலைக் கலந்து இறுக்கிக் கறுத்த வட்டங்களாக உருட்டி வைத்திருந்தோம். பந்து அதில் நன்றாகவே ஓடும். கழுதைகள் வந்து மிதித்திருந்தால் ஒரு சாக்கை இழுத்துச் சமப்படுத்திவிட்டு விளையாடுவோம்.

காணி ஒரு ஹாஜியாருடையது. இறால் பண்ணை வைத்திருந்தவர். இறாலுக்கு நோய் வந்து பண்ணையை மூடிய பிறகு, பக்கத்தில் சும்மா கிடந்த தென்னங்காணியில் இதை உண்டாக்கினார். விளையாடியவர்கள் நான்கு பேர்தான். ஹாஜியார், புத்தளத்தில் பல் வைத்தியம் செய்யும் ஒரு டொக்டர், என் மனைவியின் தம்பி, நான். நான்கு பேரில் ஒருவர்கூட நல்ல ஆட்டக்காரர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் இதை மறந்ததால் நடந்தது.

நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். விளையாட்டுப் பக்கத்துக்குக் கொல்ஃப் முடிவுகளை எழுத வேறு யாரும் முன்வராததால் அந்த வேலை என் மேசைக்கு வந்தது, வேலையோடு விளையாட்டும் ஒட்டிக்கொண்டது. புத்தளத்துக்குத் திரும்பி வந்த பிறகு, வீட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். மீதிப் பேர் யாரோ ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் போடச் சொல்லி வந்தார்கள். சனிக்கிழமைக் காலைகளில் அந்த மணல் காணியில் மட்டும்தான் யாரும் என்னிடம் எதையும் எழுதச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அடுத்த மைதானம் கொழும்பில். அவ்வளவு தூரம் போக எனக்குத் தெம்பும் இல்லை, கொழும்பில் என்னை உள்ளே விடுபவர்களும் இப்போது இல்லை.

காணி எந்த நிபந்தனையில் எங்களுக்கு இருந்தது என்பது நான்கு பேருக்கும் தெரியும். மூன்றாம் குழி கடலைப் பார்த்து ஓடும். அடிக்கும் மேட்டிலிருந்து கறுத்த வட்டத்துக்கு நூற்று நாற்பது மீற்றர். வட்டத்துக்குப் பின்னால் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் நூற்று அறுபத்தைந்தாவது மீற்றரில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கருவாடு காயவைக்கும் வாடி. வருடத்தில் பாதி மாதங்கள் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். கடல் அமைதியாகும் மாதங்களில் சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து வாடியடித்துத் தங்குவார்கள். ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் பழைய வலைகளையும் கிடுகுப் பாய்களையும் விரித்து சூடையும் நெத்தலியும் காயப்போடுவார்கள். ஹாஜியாரின் வாப்பா காலத்திலிருந்து வருபவர்கள், எங்களை ஐயா என்பதற்குப் பதிலாக 'மாத்தயா' என்று கூப்பிடுபவர்கள். எங்கள் குழிகளுக்கு முன்னால் வந்தவர்கள்.

குழிகள் வெட்டிய வருடம் அந்தப் பெண்கள் ஹாஜியாரிடம் வந்து கேட்டார்கள். அப்போது நானும் நின்றேன். ஹாஜியார் சொன்னது இதுதான்.

"உங்கட ஆள் ஒருத்தர்ட மேல ஒரு பந்து பட்டா, அண்டைக்கே இத மூடிடுவன். ஒரு பந்து. ரெண்டாவது பந்துக்கு நான் பார்த்துக்கொண்டு இரிக்கமாட்டன்."

அந்த வார்த்தையைக் காப்பாற்ற ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாடியில் ஆள் இருக்கும் மாதங்களில், மூன்றாம் குழிக்கு அடிக்க முன் நால்வரில் ஒருவர் முன்னால் நடந்து போய் மணல் திட்டில் ஏறி நிற்பார். கையில் ஒரு சிவப்புத் துணி. வேலியோரம் யாராவது வேலை செய்தால் துணியைத் தூக்குவார், நாங்கள் காத்திருப்போம். ஆட்கள் விலகினால் துணியை இறக்குவார், அடிப்போம். ரயில் கடவைக் காவல் போலத்தான். அந்த வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. வெயில், கருவாட்டு வாடை, முகத்தை நோக்கி வரும் பந்துகள். முறை வைத்துச் செய்தோம், ஆறு வருடம் செய்தோம். ஒரு பந்தும் ஒருவர் மேலும் படவில்லை.

என் மச்சான் கட்டாரில் கட்டட அளவையாளராக இருந்து திரும்பியவர். எதையும் அளந்த பிறகுதான் நம்புவார். சோற்றில் தண்ணீர் அதிகம் என்று என் மனைவி சொன்னபோதுகூட எத்தனை கோப்பை என்று கேட்டவர். அவர் வாங்கி வந்த லோஞ்ச் மொனிட்டர் பேக்கரியில் வாங்கும் அரை றாத்தல் பாண் அளவான கறுப்புப் பெட்டி. அதைத் தரையில் வைத்துப் பந்தை அடித்தால், பந்து என்ன வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது, எத்தனை சுழற்சி சுழன்றது என்று பார்த்து, அது எவ்வளவு தூரம் போகும் என்று போனில் காட்டும். முன்பெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் மட்டும் இருந்த கருவி. இப்போது சின்னதாக்கி, மலிவாக்கி, எங்களைப் போன்றவர்களுக்கும் விற்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. அதில் ஒரு மனிதர் வெள்ளைப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பற்கள் இயற்கையானவை அல்ல என்று டொக்டர் சொன்னார். பிரசுரத்தைப் பற்றி எங்களில் ஒருவர் உருப்படியாகச் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

மச்சானின் வீட்டுக் கராஜில் வேனை வெளியே எடுத்துவிட்டு, பின்சுவருக்கு ஒரு மீன்வலையைத் தொங்கவிட்டார். ஒரு பழைய கம்பளத் துண்டில் பந்து. எங்கள் மூவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து. பிழையான அடி எல்லாம் கழிச்சிடுவன், பயப்படாதீங்க" என்றார்.

"பிழையான அடிய கழிச்சா எனக்கு என்ன மிச்சம் இரிக்கும்?" என்றார் டொக்டர்.

அது பகிடியாகச் சொன்னது. ஆனால் அந்தக் கருவிக்கு எதிராக நான் இதுவரை கேட்ட எல்லா வாதங்களிலும் அதுதான் பலமானது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கத் தெரிந்தவனுக்கு அளவு ஒரு தகவல். பத்துப் பந்தைப் பத்து விதமாக அடிப்பவனுக்கு அது பத்துத் தகவல், அதாவது ஒன்றுமில்லை. நாங்கள் வலைக்குள் அடித்த பந்துகளில் பாதி வலையின் ஓரக் கம்பத்தில் பட்டன. ஒன்று மச்சானின் தண்ணீர்த் தாங்கியின் குழாயை உடைத்தது. அவற்றையெல்லாம் விரலால் தள்ளி அழித்துவிட்டு, மீதியில் சராசரி எடுத்து, "இதுதான் நீங்க" என்று போனை எங்கள் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

என் ஏழாம் நம்பர் மட்டை நூற்று நாற்பது மீற்றர் போகும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். பெட்டி நூற்றுப் பதினெட்டு என்றது.

"திரும்ப அடிங்க மச்சான், கம்பளம் வழுக்கியிருக்கும்" என்றார் அவர், மிகவும் அன்பாக (நானும் அவருக்கு மச்சான்தான்). திரும்ப அடித்தேன். நூற்றுப் பதினேழு.

ஹாஜியார் கதிரையில் இருந்தபடி, "பத்திரிகைக்காரன் சொன்ன நூத்தி நாப்பது. இருவது வீதம் கழிச்சித்தானே நாம எப்பவும் வாசிக்கிற" என்றார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

என் கோபத்துக்கு அன்றைய அவமானமும் ஒரு காரணம் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. பத்திரிகையில் இருந்தபோது ஒரு வகை நிருபர்களை எங்களுக்குத் தெரியும். ஊர்வலம் கிளம்பும் இடத்தில் பத்து நிமிடம் நிற்பார்கள். தலைவர்களின் பெயர், முன்னால் போன பதாகையின் வாசகம், கிளம்பிய நேரம் எல்லாம் துல்லியமாகக் குறிப்பார்கள். பிறகு வீட்டுக்குப் போய், கூட்டம் எப்படி முடிந்தது என்று எழுதி அனுப்புவார்கள். எழுதிய ஒவ்வொரு விவரமும் சரியாக இருக்கும். இடையில் மழை வந்து கூட்டம் கலைந்திருக்கும். அந்தக் கராஜில் பெட்டி பந்தைப் பார்த்தது இரண்டரை மீற்றருக்கு. மீதி நூற்றுச் சொச்சம் மீற்றரை அது எழுதி அனுப்பியது. காற்றின் வேகத்தைப் போடுவதற்கு அதில் ஓர் இடம் இருந்ததாம், பிறகுதான் தெரிந்தது. மச்சான் அதைப் பூச்சியத்தில் விட்டிருந்தார். கராஜில் காற்று இல்லை. அவர் செய்தது சரி.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் முதலில் மாறியது பேச்சு. முன்பு குழிக்குக் குழி நடக்கும்போது ஊர்க்கதை கதைப்போம். யாருடைய மகள் எங்கே படிக்கிறாள், எந்தக் கடையில் யார் யாரோடு சண்டை, உப்பளத்துக்கு யார் புதிதாக வந்திருக்கிறார். ஹாஜியார் ஒரு கதையை மூன்று குழிக்கு இழுப்பார். அது போய்விட்டது. மச்சான் பெட்டியை ஒவ்வொரு மேட்டிலும் குனிந்து வைத்தார், நிமிர்ந்தார், போனைப் பார்த்தார், கோணம் சரியில்லை என்று திரும்பக் குனிந்தார். ஆறு குழிக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தவர்கள் மூன்று மணித்தியாலம் எடுத்தோம். கழுதைகள்கூடப் பொறுமையிழந்து போய்விட்டன. பந்து புதருக்குள் போன பிறகும் அவர் அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.

"நல்ல அடி டொக்டர். நூத்தி முப்பத்தி ரெண்டு."

"பந்து எங்க?"

"அது பத்தைக்குள்ள. ஆனா நூத்தி முப்பத்தி ரெண்டு."

எங்கள் ஆட்டம் முன்னேறியதா என்று யாராவது கேட்டால், இல்லை. நான் மூன்று மாதம் அட்டையில் கணக்கெழுதியவன். நால்வரும் முன்பு எத்தனை அடியில் ஆறு குழியை முடித்தோமோ அதே அடிகளில்தான் முடித்தோம். மச்சானுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பு தோற்றால் பேசாமல் போவார். இப்போது தோற்றாலும் தன் சுழற்சி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது மாற்றம் சிவப்புத் துணி. வாடிக்காரர்கள் வந்து இறங்கிய பிறகு வந்த முதலாவது சனிக்கிழமை அது. முன்னால் போய் நிற்கும் முறை மச்சானுடையது. அவர் போகவில்லை. போனைத் திறந்தார்.

"ஹாஜியார், இதைக் கொஞ்சம் பாருங்க. இந்தக் குழிக்கு நாம எடுக்கிற மட்டையில நாலு பேர்லயும் ஆகத் தூரம் அடிச்சது நூத்தி நாப்பத்தஞ்சி. அதுவும் நான். வேலி நூத்தி அறுவத்தஞ்சி. இருவது மீற்றர் மிச்சம். ஒரு பந்தும் அங்க போகாது. போக ஏலாது. பிறகு ஏன் ஒரு ஆள் வெயில்ல நிக்கோணும்?"

வாடைக்காற்று முதுகுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. களப்புப் பக்கமிருந்து கடலை நோக்கி, அந்த மாதங்களில் எப்போதும் வீசுகிற மாதிரி. தெற்கே காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டொக்டர் அவற்றைக் கையால் காட்டினார்.

"அப்ப அது எதுக்கு சுத்துது?"

"அது கரண்டுக்கு டொக்டர். அது வேற கணக்கு."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் துணியோடு நிற்கும் முறை என்னுடையது. எனக்கு அந்தக் கருவி பிடிக்காது, அதன் கணக்கை நான் நம்பவில்லை, ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒரு மணல் திட்டையும் வெயிலையும் மிச்சப்படுத்தியது. நான்கு பேரும் அப்படித்தான் சம்மதித்தோம். துணி ஹாஜியாரின் ஜீப்புக்குள் போனது.

அதற்கு நான்காம் சனிக்கிழமை. காலை எட்டு மணி. காற்று வழக்கத்தைவிடப் பலம். தென்னோலைகள் எல்லாம் கடல் பக்கம் சாய்ந்து நின்றன. மூன்றாம் குழி மேட்டில் நான் பையைத் திறந்தேன். ஆறு வருடமாக அந்தக் குழிக்கு நான் எடுத்தது ஏழாம் நம்பர். வாடை வீசும் மாதங்களில் அது சரியாக வட்டத்தில் விழும். கடலிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் குறைவாக விழும், எதிர்க்காற்று என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், என் மட்டையின் தூரத்தை நான் இருபது மீற்றர் கூட்டி நினைத்திருந்தேன், வாடைக்காற்று அந்த இருபது மீற்றரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தன, அதனால் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போனது. பெட்டி என் நினைப்பைத் திருத்தியது. காற்றை அப்படியே விட்டது. இதை இப்போது நான்கு வரியில் எழுத முடிகிறது. அன்று மேட்டில் நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏழாம் நம்பர் நூற்றுப் பதினெட்டு, ஐந்தாம் நம்பர் நூற்று நாற்பத்தொன்று, குழி நூற்று நாற்பது.

ஐந்தாம் நம்பரை எடுத்தேன்.

"ஆ, மச்சான் திருந்திட்டார்" என்றார் மச்சான். பெட்டியை என் காலடியில் வைத்தார்.

மட்டையின் நடுவில் பந்து பட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை; அப்படிப் பட்டால்தான் அது நல்ல அடி. பந்து எழுந்தது, காற்று அதை எடுத்தது, வட்டத்துக்கு மேலால், திட்டுக்கு மேலால் போனது. இறங்கவே இல்லை. மச்சான் போனைப் பார்த்து, "நூத்தி நாப்பத்தி மூணு" என்றார். நாங்கள் மூன்று பேர் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது வேலிக்கு அப்பால் விழுந்ததைக் கண்டோம். பிறகு ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது. காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து வீசியதால் அது மெல்லியதாகவே கேட்டது.

வேலியோரம் குந்தியிருந்து சூடையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அவர். நாற்பது வயதிருக்கும். பந்து வலது மணிக்கட்டில் பட்டிருந்தது. நாங்கள் ஓடிப் போனபோது கையை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டு இருந்தார். மற்றப் பெண்கள்தான் பேசினார்கள். மச்சான் தன் வேனில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அதைச் சொல்லத்தான் வேண்டும், அவர்தான் முதலில் ஓடினார். எலும்பு வெடித்திருந்தது. கைக்கு மாவுக்கட்டு. ஆறு கிழமைக்கு அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். கருவாட்டுக்கு ஆகச் சிறந்த வெயில் அந்த ஆறு கிழமைதான்.

மறுநாள் பின்னேரம் ஹாஜியார் எங்களை வாடிக்குக் கூட்டிப் போனார். எங்கள் நால்வருக்கும் பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள், இஞ்சித் தேத்தண்ணி தந்தார்கள். அவர்கள் நின்றார்கள். கையில் கட்டோடு அந்தப் பெண்ணும் ஒரு தோணியின் விளிம்பில் சாய்ந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துப் படித்தது போல ஒழுங்காகக் கேட்டேன், அது எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்திருக்கலாம். மச்சான் போனை எடுத்தார்.

"ஒரு நிமிசம் ஹாஜியார். ஒரு விசயம் தெளிவாகோணும். இது நாங்க கவனமில்லாம செஞ்ச ஒண்டு இல்ல. கணக்குப் பாத்துத்தான் செஞ்ச. இந்தா, நேத்தைய அடி, இதுல பதிவாகி இரிக்கி. நூத்தி நாப்பத்தி மூணு மீற்றர். வேலி நூத்தி அறுவத்தஞ்சி. இதுப்படி மச்சான்ட பந்து வேலிக்கு வரவே இல்ல."

அந்தப் பெண் தோணியை விட்டு நிமிர்ந்தார்.

"அப்ப எனக்குப் பட்டது யாருட பந்து மாத்தயா?"

"இல்ல தங்கச்சி, நான் சொல்ல வந்தது..."

"வானத்திலயிருந்து விழுந்ததா?"

பின்னால் நின்ற இன்னொரு பெண், வயதில் மூத்தவர், "அந்தப் போன அவகிட்ட குடுங்க மாத்தயா. கட்ட அவுத்துட்டு அதக் கட்டிக்கொள்ளட்டும்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் போனில் எதையோ பெரிதாக்கிக் காட்ட முயன்றுகொண்டிருந்தார். அவரை நான் இருபது வருடமாக அறிவேன், பொய் சொல்பவர் அல்ல. எண்ணைத் திரித்துக் காட்டி எங்களைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. அவர் அதை நம்பினார். கட்டுப்போட்ட கை முன்னால் நிற்க, தன் கையிலிருந்த எண்ணை நம்பினார். அவரோடு பழகிய இத்தனை வருடத்தில் எனக்கு அவர்மீது வெறுப்பு வந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

"இந்தக் காத்தில நாங்க பாயில கல்லு வைக்கிற" என்றார் அந்தப் பெண். "கல்லு வைக்காட்டி பாயே கடலுக்குப் போயிடும். அவ்வளவு பெரிய பாய். உங்கட பந்து எவ்வளவு பெரிசு?"



"முந்தி ஒருத்தர் சிவப்புத் துணியோட நிப்பாரே" என்றார் மூத்தவர். "துணியக் கண்டா எழும்பிப் போவம். நாலு கிழமையா துணியக் காணல்ல. நீங்க விளையாட வாறல்லன்டு நினைச்சம்."

இதை நாங்கள் நால்வரும் எதிர்பார்க்கவில்லை. அந்தத் துணி எங்களுக்காக மட்டும் தூக்கப்பட்டது என்றுதான் நினைத்திருந்தோம், அடிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குச் சொல்வதற்கு. அவர்களும் ஆறு வருடமாக அதைப் பார்த்து எழும்பி, அதைப் பார்த்துக் குந்தியிருக்கிறார்கள். அதை நிறுத்தியபோது அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கில் வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது.

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையை மணலில் வைத்தார். "நான் சொன்ன வார்த்தை உங்களுக்கும் ஞாபகம் இரிக்கும், எனக்கும் இரிக்கி" என்றார் பெண்களிடம். "இண்டையோட முடிஞ்சிது. அதில தென்னம்பிள்ளை வைக்கப் போறன்."

"மூணாம் குழிய மட்டும் மூடினா..." என்று டொக்டர் தொடங்கினார்.

"நான் குழிட கணக்கு சொல்லல்ல டொக்டர். மூடிடுவன் என்டுதான் சொன்ன."

மூடவேண்டாம் என்று கேட்க ஆசை இருந்தது. கேட்க எனக்கு இடமில்லை.

வரும் வழியில் வேனை மச்சான் ஓட்டினார். நுரைச்சோலை தாண்டிய பிறகு சொன்னார்.

"மச்சான், நான் யோசிச்சிப் பாத்தன். மெசின்ல பிழை இல்ல. உங்கட சராசரி நூத்தி நாப்பத்தொண்டு. நேத்து நீங்க வழமையவிட நல்லா அடிச்சிட்டீங்க."

"காத்து?"

"காத்தும்தான். ஆனா முதல்ல அது."

இதற்குப் பிறகு அவரோடு அந்தப் பெட்டியைப் பற்றி நான் பேசவில்லை. எங்களைப் போல வாரத்துக்கு ஒரு முறை விளையாடுகிறவர்கள் அதை வாங்கலாமா என்று கொழும்பிலிருந்து ஒரு பழைய சகா கேட்டு எழுதியிருந்தார். வாங்காதீர்கள் என்று பதில் போட்டேன். காரணம் கேட்டார். அது உங்களைச் சரியாக அளக்கும், நீங்கள் நிற்கும் இடத்தை அளக்காது, ஆனால் இரண்டையும் அளந்துவிட்டதாக உங்களை நினைக்கவைக்கும் என்று எழுதினேன். அவர் வாங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தென்னம்பிள்ளை வைப்பதற்கு முன் ஒயில் மணலை அள்ளி அகற்றவேண்டும், இல்லாவிட்டால் கன்று பட்டுப்போகும். ஆள் பிடிக்கட்டுமா என்று ஹாஜியார் கேட்டார். வேண்டாம், நாங்களே அள்ளுகிறோம் என்றோம். மச்சானுக்கு அன்று கொழும்பில் வேலை இருந்தது. டொக்டரும் நானும் மண்வெட்டியோடு போனோம். ஆறு வட்டங்களையும் அள்ள இரண்டு நாள் எடுத்தது. ஒயில் மணல் ஈரச் சீமெந்தைவிடப் பாரம். மூன்றாம் வட்டத்தை நான் தனியே அள்ளினேன், டொக்டர் ஐந்தாவதில் நின்றார்.

வேலிப் பக்கமிருந்து அந்தப் பெண் வந்தார். கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கவிட்டிருந்தார். அவருடைய இடத்தில் வேலை செய்ய ஹாஜியார் ஓர் ஆளை விட்டிருந்தார். "அவளுக்கு மீன் புரட்டத் தெரியாது, பாதி ஒட்டிப்போகுது" என்று என்னிடம் சொன்னார், முறைப்பாடாக இல்லை, தகவலாக. பிறகு திட்டில் ஏறி நின்று, நாங்கள் அடிக்கும் மேட்டைப் பார்த்தார். அங்கிருந்து அது எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

"அங்கயிருந்தா அடிச்சீங்க?"

"ஓம்."

"அது நல்ல அடியா மாத்தயா? உங்கட விளையாட்டில?"

மண்வெட்டியை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றேன். ஆறு வருடத்தில் நான் அந்தக் குழியில் அடித்த எல்லா அடிகளிலும் அது ஆகச் சிறந்தது. பந்து காற்றில் இருந்த நான்கைந்து விநாடியும், திட்டைத் தாண்டும்வரை, எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாடியில் மன்னிப்புக் கேட்டபோது அதைச் சொல்லவில்லை.

"ஓம்" என்றேன். "நல்ல அடி."

அவர் திட்டிலிருந்து இறங்கினார்.

"கூடாத அடி ஒண்டு அடிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வேலிக் கம்பியை இடது கையால் தூக்கிக் குனிந்து, அந்தப் பக்கம் போனார்.